அடைத்த பொட்டு

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். கேட்டவர் கோண்டாவில் பக்கம் இருப்பவர். வயது 34, கலியாணமாகி 9 வருடம். சீதனமாகக் கிடைத்த வீட்டில் இருக்கிறார். அம்மா அதே வளவில், பின்வீட்டில். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா மிச்சக் காணியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிய நாளிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. அவர் எழுதியது இது:

"பிரச்சினை என்று வந்தால் நான் வாய் திறக்க மாட்டேன். மூன்று நாள், நாலு நாள் அப்படியே போகும். அம்மாவும் இப்படித்தான். அம்மம்மா ஒருமுறை அம்மப்பாவோடு ஆறு மாதம் கதைக்காமலே சமைத்துப் போட்டாராம். கணவர் சத்தம் போடுவார், அவருடைய அப்பாவும் அப்படித்தான். போன கிழமை என் ஆறு வயது மகளைப் பேசிவிட்டேன். அவள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. இது இரத்தத்தில் வருவதா? மாற்ற ஏலுமா?"

மகளைப் பற்றிய அந்த வரிதான் உங்களை எழுத வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் உளவளத்துணை வேலையில் இருந்தவள் நான். என்னிடம் வந்தவர்களில் பலர் தங்களுக்காக வந்தவர்கள் அல்லர். பிள்ளையிடம் தங்களையே கண்டு பயந்து வந்தவர்கள்.

இரத்தக் கதையை முதலில் முடித்துவிடுவோம். ஒருவர் சட்டென்று பதறுபவரா, ஆறுதலானவரா என்பதில் பிறப்புக்குப் பங்கு உண்டு. இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகள், குணங்களில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் பாதிக்குக் கிட்ட மரபணுவோடு தொடர்புபடுத்துகின்றன. ஆனால் பதற்றம் வந்ததும் கதவைச் சாத்துவதா, கோப்பையை எறிவதா, நல்லூருக்குப் போய் வீதியைச் சுற்றுவதா என்பதை எந்த மரபணுவும் சொல்லித் தருவதில்லை. அது வீட்டில் பழகியது. யுத்தத்தின் வடு மரபணுவிலேயே அடையாளம் போட்டுப் பிள்ளைகளுக்குப் போகிறது என்ற செய்தியும் எங்கள் ஆட்களின் வட்ஸ்அப்பில் நிறையச் சுற்றுகிறது. அதற்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படுவது, நாசிகளின் இனப்படுகொலையில் தப்பியவர்களிடமும் அவர்களுடைய பிள்ளைகளிடமும் ரேச்சல் யெஹுடாவின் குழு செய்த ஆய்வு. தப்பியவர்கள் 32 பேர், பிள்ளைகள் 22 பேர். இவ்வளவு சிறிய தொகையை வைத்து ஒரு சமூகத்துக்கே சாதகம் எழுதுவது சரியில்லை.

சரி, அப்படியானால் கைமாறுவது என்ன? வீட்டில் ஒரு பிள்ளை பழகுவது முழுச் சண்டையையும். அம்மா எந்தச் சொல்லோடு வாயை மூடுவார், அதற்குப் பிறகு அப்பா எப்படி நடப்பார், யார் யாரை விட்டு யாருக்குச் சொல்லுவிப்பார், எத்தனையாம் நாள் யார் தேத்தண்ணியைக் கொண்டுபோய் மேசையில் வைப்பார் என்று எல்லாமே பாடமாகிவிடும். நாட்டுக்கூத்தில் பிற்பாட்டுக்காரருக்கு எல்லா வேஷத்தின் பாட்டும் தெரிந்திருக்குமே, அப்படி. வளர்ந்த பிறகு எந்த வேஷம் வாய்த்தாலும் ஆடலாம். அம்மா கதைக்காமல் இருந்ததை மட்டுமா நீங்கள் கண்டீர்கள்? அவரைச் சுற்றி மற்றவர்கள் அடிமேல் அடி வைத்து நடந்ததையும் கண்டீர்கள். உங்கள் மகளும் கண்டிருக்கிறாள். இந்த வீட்டில் யார் கதைக்காமல் இருக்கிறாரோ அவரைத்தான் எல்லோரும் தேடிப் போகிறார்கள் என்று ஆறு வயதில் கண்டுபிடித்துவிட்டாள். கெட்டிக்காரி.

என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தை நான் படித்த எதையும்விட அது எனக்கு நன்றாக விளக்கியது.

எங்கள் அம்மாவும் பெரியம்மாவும் ஒரே வளவை இரண்டாகப் பிரித்துச் சீதனம் வாங்கியவர்கள். நடுவில் கிளுவை வேலி, வேலியில் ஒரு பொட்டு. பொட்டு என்றால் தெரியாத இளம் ஆட்களுக்காக: வேலியில் ஒருவர் குனிந்து புகுந்து போகக்கூடிய இடைவெளி. படலையைத் திறந்து ஒழுங்கையில் இறங்காமல், வீட்டு உடுப்போடேயே போய் அரைக்கொத்து அரிசி கைமாற்றாக வாங்கி வரும் வழி. கிணறு பெரியம்மா பக்கம். உறுதியில் எங்களுக்கும் பாதிப் பங்கு. எண்பதுகளின் கடைசியில், தண்ணி இறைக்கும் முறை யாருக்கு எப்போது என்பதில் வாய்த்தர்க்கம் தொடங்கியது. பெரியம்மா தங்கள் அப்பாவை இழுத்து ஒரு சொல் சொன்னார்: "அப்பு உனக்குத்தானே எல்லாத்தையும் அள்ளித் தந்தவர்." அடுத்த நாள் விடிய எழும்பிப் பார்த்தால், பொட்டுக்குப் பனைமட்டையும் முள்ளும் வைத்து அடைத்திருந்தது. அடைத்தவர் எங்கள் அம்மா. ஏழு வருடம் அப்படியே இருந்தது. தண்ணிக்கு ஒழுங்கையால் சுற்றிப் போனோம். கிணற்றடியில் பெரியம்மாவின் பிள்ளைகளைக் கண்டால் வாளியைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, யுத்தத்தால் இடம்பெயர்ந்து வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பக்கம் நடந்தபோது இரண்டு குடும்பமும் சேர்ந்துதான் நடந்தது. மழை, இருட்டு, ஆளை ஆள் நெரித்தது. பெரியப்பாவின் சைக்கிள் கரியரில் எங்கள் தங்கச்சி. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரே மூலையில் பாய் விரித்தோம். அம்மாவும் பெரியம்மாவும் கதைத்தார்கள். தண்ணி, பாண், பிள்ளையின் காய்ச்சல், அவ்வளவுதான். 1996இல் திரும்பி வந்தபோது வேலியே இல்லை. புதிதாக அடைத்தபோது பொட்டு விட்டு அடைத்தார்கள். மாம்பழக் காலத்தில் முதல் பழுத்த கறுத்தக்கொழும்பான் அதற்குள்ளால் போகும், பதிலுக்கு ஒடியற் கூழ் வரும். சமாதானம் என்று நாங்கள் நினைத்தோம். அப்புவின் சொத்தைப் பற்றிய அந்தச் சொல்லை மட்டும் இருவரும் கடைசிவரை எடுக்கவில்லை.

2012இல் அம்மாவின் பங்கைத் தங்கச்சியின் பெயருக்கு எழுத நொத்தாரிசிடம் போகிறோம் என்று தெரிந்ததும் பெரியம்மாவின் மகள் பொட்டடிக்கு வந்து, சொல் பிசகாமல் அதையே சொன்னார். "அப்பு உங்களுக்குத்தானே எல்லாத்தையும் அள்ளித் தந்தவர்." முதல்முறை அதைக் கேட்டபோது அவருக்குப் பதினொரு வயது. தங்கச்சி அன்று பின்னேரமே கூலிக்கு ஆள் பிடித்துப் பொட்டை அடைப்பித்தாள். அம்மா அடைத்த நாளில் தங்கச்சிக்கு மூன்று வயது. அவளுக்கு அது நினைவே இல்லை.

பெரிய ஆபத்து ஒரு சண்டையை நிறுத்தி வைக்கும், தீர்த்து வைக்காது. எங்கள் ஊரில் கதைக்காமலே சமாதானமாகும் வழிகள் நிறைய உண்டு. "நல்லதுக்குப் போகாட்டியும் கெட்டதுக்குப் போகவேணும்" என்பார்கள். பத்து வருடக் கோபக்காரரும் செத்தவீட்டுக்கு வந்து ஒரு மூலையில் நிற்பார், எட்டுச் செலவுக்குச் சாப்பிடுவார், அதோடு வீட்டுக்கு வீடு போக்குவரத்துத் தொடங்கிவிடும். இதை நான் குறைத்து மதிக்கவில்லை. வெளிநாட்டுப் புத்தகங்களில் இப்படி ஒரு ஏற்பாட்டை நான் கண்டதில்லை. ஆனால் போக்குவரத்துத் தொடங்கினாலும் சொல் அப்படியே கிடக்கும். அதை எடுக்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இனி உங்கள் மௌனம். இதை ஒரு குறை என்று எடுத்துக்கொண்டு தொடங்காதீர்கள். உங்கள் குடும்பத்தில் மூன்று பெண்கள் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது மூன்று வெவ்வேறு காரியமாகத் தெரிகிறது.

அம்மம்மாவுக்கு அது ஒரு வேலைநிறுத்தமாக இருந்திருக்கலாம். சீதனக் காணி அவருடைய பெயரில்தான் இருந்திருக்கும். ஆனால் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையின்படி மனைவி தன் சொந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டியிருந்தது. கணவருக்கு அந்தக் கட்டுப்பாடு இருக்கவில்லை. உறுதியில் பெயர் இருந்து, கையில் அதிகாரம் இல்லாத ஒருவருக்கு மிஞ்சியது குசினியும் வாயும். கதைக்காமல் சமைத்துப் போடுவது என்றால், "உன்ர சோத்தை நிப்பாட்டேல்லை, என்னை நிப்பாட்டிப்போட்டன்" என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருப்பது.

அம்மாவுக்கு அது காவல். 1987க்கும் 2009க்கும் இடையில் யாழ்ப்பாணத்தில் பிள்ளை வளர்த்த தாய்க்கு வாயை மூடுவதும் பிள்ளையின் வாயை மூடுவிப்பதும் அன்றாட வேலை. பங்கருக்குள் அழக்கூடாது. சுற்றிவளைப்பில் கேட்டதற்கு மேல் ஒரு சொல் சொல்லக்கூடாது. பக்கத்து வீட்டுக்கு யார் வந்து போனார்கள் என்பது தெரிந்தாலும் தெரியாது. ஒழுங்கையில் விட்ட ஒரு கதை ஒருவருடைய பிள்ளையைக் கொண்டுபோய்விடும். அந்தக் காலத்தில் "சும்மா இரு பிள்ளை" என்று சொன்னதில் இருந்தது பாசம். இடப்பெயர்வின்போது உங்களுக்கு நாலைந்து வயது இருந்திருக்கும். அதை நீங்கள் சொல்லாகக் கேட்டிருக்க மாட்டீர்கள், அம்மா உங்கள் கையை இறுக்கிப் பிடித்த பிடியில் பழகியிருப்பீர்கள்.

உங்களுக்கு அது எதற்கு? பங்கர் இல்லை, சுற்றிவளைப்பு இல்லை. படித்திருக்கிறீர்கள், உங்கள் எழுத்தில் தெரிகிறது. காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் சீதனத்தோடு வந்து சேர்ந்திருக்கிறது. உங்களிடம் அது என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. எப்படி நிறுத்துவது என்பதெல்லாம் பிறகு.

ஒரு பகுதி வெறும் உடம்பு. ஜோன் கொட்மன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கணவன் மனைவியரை இருத்தி, வாக்குவாதப்பட விட்டு, நெஞ்சுத் துடிப்பை அளந்து பார்த்தவர். துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் மற்றவர் சொல்வது காதில் விழும், மண்டையில் ஏறாது. ஆறுவதற்குக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும் என்கிறார். ஆகவே முதல் அரைமணித்தியாலம் நீங்கள் வாய் திறக்காமல் இருந்தால் அது புத்தி. இரண்டாம் நாள் காலை இருப்பது உங்களுடைய கோபம். நாலாம் நாள் கதைக்காமல் இருப்பவர் அம்மம்மா.

கணவரின் சத்தத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், அதனால் நானும் ஊகமாகத்தான் சொல்லலாம். சில வீடுகளில் சத்தம் வெடி மாதிரி: வெடித்தால் முடிந்தது, பத்து நிமிடத்தில் "தேத்தண்ணி இருக்கோ?" அப்படி வளர்ந்தவருக்குச் சத்தம் என்றால் சண்டை முடியப்போகிறது என்று அர்த்தம். மௌனம்தான் பயங்கரம். என்னிடம் வந்த குடும்பங்களில் இதை அடிக்கடி கண்டிருக்கிறேன் (அடையாளம் தெரியாதிருக்கப் பலருடைய கதையைக் கலந்து சொல்கிறேன்). வீட்டிலிருந்து ஒருவர் ஒரு பின்னேரம் ஒன்றும் சொல்லாமல் வெளியே போயிருப்பார், அதோடு திரும்பி வந்திருக்க மாட்டார். அந்த வீட்டில் வளர்ந்த தம்பிக்கு, மனைவி கதைக்காமல் இருந்தால் உள்ளுக்குள் ஏதோ அறுந்து விழும். அவர் அதைப் பயம் என்று சொல்ல மாட்டார். "வாய் என்ன செத்துப்போச்சோ?" என்று கத்துவார். அவர் கத்தக் கத்த இவர் இன்னும் உள்ளே போவார். இரண்டு பேரும் தங்கள் தங்கள் வீட்டில் பழகிய பாதுகாப்பைத்தான் செய்கிறார்கள். ஒருவருடைய பாதுகாப்பு மற்றவருக்கு ஆபத்து.

இதற்கு மேல் எங்கள் ஊருக்கே உரிய ஒரு முடிச்சு இருக்கிறது. தமிழ்நாட்டுத் தொடர்களைப் பார்த்துப் பார்த்து, குடும்பச் சண்டை என்றால் மாமியும் மருமகளும் என்று எங்கள் ஆட்களும் நினைக்கத் தொடங்கிவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் மாப்பிள்ளைதான் பெண் வளவுக்கு வருகிறார். உங்கள் கணவர் சத்தம் போடும்போது பின்வீட்டில் மாமிக்குக் கேட்கிறது, அது அவருக்கும் தெரியும். நீங்கள் வாயை மூடும்போது அம்மா ஒன்றும் கேட்க மாட்டார். பின்னேரம் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் ஒரு கிண்ணத்தில், பேத்தியின் கையில் வரும். அந்தக் கிண்ணம் "நான் உன்ர பக்கம்" என்று சொல்கிறது. கணவருக்கு அது கேட்காமல் இருக்குமா? அன்று இரவு அம்மா ரொறன்ரோவுக்கு எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை அண்ணா உங்கள் கணவருக்கு எடுத்து, "என்ன மச்சான், பிரச்சினையோ?" என்று சிரித்துக்கொண்டு கேட்பார். இப்போது சண்டை யாருக்கும் யாருக்கும் இடையில்?

மரே போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதை முக்கோணம் என்றார். இரண்டு பேரால் தாங்க முடியாத இறுக்கம் வந்தால் மூன்றாமவரை இழுத்துப் போடுவார்கள், இரண்டு பேருக்கும் கொஞ்சம் மூச்சு வரும், பிரச்சினை அப்படியே இருக்கும். 1950களில் நோயாளியை மட்டும் பார்க்காமல் குடும்பத்தையே ஆஸ்பத்திரி வாட்டில் தங்கவைத்துக் கவனித்தவர் அவர். 1967இல் பிலடெல்பியாவில் நடந்த ஒரு மாநாட்டில், கோட்பாடு பேசப் போகிறார் என்று எல்லோரும் இருக்க, தன் சொந்தக் குடும்பக் கதையைச் சொன்னார்: ஊருக்குப் போய், ஒருவரைப் பற்றி இன்னொருவர் முறையிட வரும்போது பக்கம் எடுக்காமல் இருந்து பார்த்ததை. அந்தக் கட்டுரை 1972இல் அச்சானபோது எழுதியவர் பெயர் போடவில்லை, "பெயரிலி" என்றுதான் இருந்தது. வீட்டு விஷயம் என்றால் அமெரிக்க டொக்டருக்கும் சனம் என்ன சொல்லும் என்ற பயம்.

போவனைப் படித்துவிட்டு எங்களில் சிலர், குடும்பத்திலிருந்து தள்ளி இருந்தால் தப்பலாம் என்று நினைக்கிறார்கள். அவர் சொன்னது அதற்கு நேர் எதிர்: அறுத்துக்கொண்டு ஓடுபவர்தான் எல்லாவற்றையும் பெட்டியில் கட்டிக்கொண்டு போகிறார். உங்கள் அண்ணாவைப் பாருங்கள். மாதாமாதம் காசு வருகிறது, கதை வருவதில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகு வந்த முதல் பெரிய கதை காணிக் கதை. அதுவும் முழுக்க அவருடையது அல்ல. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி தொகுத்த தேசவழமையிலேயே, சீதனம் வாங்கிய மகளுக்குப் பெற்றோரின் மிச்சச் சொத்தில் உரிமை இல்லை, அது ஆண்பிள்ளைகளுக்கு என்ற பழைய வழக்கம் இருக்கிறது. "தங்கச்சிக்குத்தான் வீடு குடுத்தாச்சே" என்று அவர் சொல்லும்போது 300 வருடக் கணக்கு ஒன்று அவர் வாயால் வருகிறது. அவர் ஆசைக்காரராகவும் இருக்கலாம், அதை நீங்கள்தான் சொல்லவேண்டும். எதுவானாலும் காணியின் சட்டப் பக்கத்தை ஒரு சட்டத்தரணியிடம் பகலில் போய்க் கேளுங்கள். இரவு போனில் தீர்க்கப் பார்க்காதீர்கள். உங்களுக்கு இரவு எட்டு மணி என்றால் ரொறன்ரோவில் காலை. அவர் நித்திரை முறிந்து தேத்தண்ணி குடித்த தெம்பில் கதைக்கிறார்; நீங்கள் நாள் முழுக்க முறிந்த களைப்பில்.

மாற்ற ஏலுமா என்று கேட்டீர்கள். ஏலும், ஆனால் பெரிய சண்டையில் தொடங்கினால் ஏலாது.

அம்மாவிடமிருந்து தொடங்குங்கள். "ஏன் என்னை இப்படி வளர்த்தனீங்கள்?" என்று போகாதீர்கள், அன்றைக்கே பொட்டு அடைபடும். முருங்கையிலை ஆயும்போது, இரண்டு பேருடைய கையிலும் வேலை இருக்கும்போது, "அம்மம்மா ஆறு மாசம் கதைக்காமல் இருந்தது என்னத்துக்கு?" என்று கேளுங்கள். இடப்பெயர்வில் எங்கே இருந்தீர்கள், A9 பாதை பூட்டிய 2006இல் அரிசிக்கு என்ன செய்தீர்கள், அப்போது யார் யாரோடு கோபம் என்று மெல்ல மெல்ல. மகளின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து மூன்று தலைமுறையை வரைந்து பாருங்கள்: ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கோபத்துக்கு வெட்டுக்கோடு. யாருக்கும் காட்டத் தேவையில்லை.

பழங்கதை கேட்டு என்ன ஆகும் என்று நினைப்பீர்கள். 1991இல் பீற்றர் ஃபொனகியும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. லண்டனில் முதல் பிள்ளைக்காகக் காத்திருந்த ஏறக்குறைய நூறு தாய்மாரிடம் அவர்களுடைய சொந்தச் சிறுவயதைப் பற்றி விரிவாகக் கேட்டு வைத்தார்கள். பிறகு பிள்ளைக்கு ஒரு வயதானபோது அது தாயோடு எப்படி ஒட்டியிருக்கிறது என்று பார்த்தார்கள். பிள்ளை பிறக்கமுன் எடுத்த அந்தப் பேட்டியை வைத்தே நாலில் மூன்று பங்கு சரியாகச் சொல்ல முடிந்தது. முக்கியம் என்னவென்றால், சிறுவயது சந்தோஷமானதா துன்பமானதா என்பது அவ்வளவு பெரிதாக இருக்கவில்லை. அந்தக் கதையைத் தொடர்ச்சியாக, மழுப்பாமல், இன்னும் அதற்குள்ளேயே நின்று கொதிக்காமல் சொல்ல முடிந்ததா என்பதே பெரிதாக இருந்தது. எங்களைப் போன்ற ஊருக்கு இதைவிட நல்ல செய்தி எனக்குத் தெரியாது.

அடுத்தது உங்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு சொல். வாயை மூடமுன் நேரம் சொல்லுங்கள்: "எனக்கு இப்ப கதைக்க ஏலாது. ராச் சாப்பாட்டுக்குப் பிறகு கதைப்பம்." பிறகு சொன்ன நேரத்துக்கு நீங்களே போய்க் கதையுங்கள், அவர் மறந்திருந்தாலும். அதே மௌனம்தான், ஆனால் அதற்கு ஒரு முடிவு இருப்பது அவருக்குத் தெரியும். இதைக் காணிக் கதையில் பழகாதீர்கள். ரியூசன் காசு, காஸ் சிலிண்டர், யார் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் ஏற்றுவது, இந்த மாதிரிச் சில்லறைகளில் ஒரு மாதம் பழகுங்கள். முதல் இரண்டு மூன்று முறை அவர் "என்ன, புதுசா நடிக்கிறியோ?" என்பார். சொல்லட்டும்.

இருவரும் சேர்ந்து ஒரு சொல்லைத் தடை செய்யவேண்டும். "கொம்மாவைப் போலவே நீயும்." இதற்கு ஈடாக உங்களிடமும் ஒன்று இருக்கும்: "உங்கட அப்பாவும் இப்படித்தானே." சண்டை எதைப் பற்றியதாக இருந்தாலும் இந்தச் சொல் விழுந்த நொடியில் இரண்டு குடும்பமும் மேசையைச் சுற்றி வந்து இருந்துவிடும். நான் கண்ட சோடிகளில், இந்த ஒன்றை மட்டும் நிறுத்தியவர்களுக்கே பாதிப் பாரம் குறைந்தது.

கிண்ணம் வரட்டும், தடுக்காதீர்கள். அம்மாவிடம், "ரெண்டு பேருக்கும் காணத் தாங்கோ அம்மா" என்று சொல்லி, கணவரின் கோப்பையிலும் போடுங்கள். அண்ணா, "மச்சான் என்ன சொல்லுறார்?" என்று கேட்டால், "அவரிட்டயே கேளுங்கோ அண்ணா, இந்தாங்கோ போனைக் குடுக்கிறன்." கேட்கச் சின்ன விஷயம்தான். முதல்முறை சொல்லும்போது கை நடுங்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். சத்தம் என்று நீங்கள் எழுதியதற்குள் அடியும் இருக்கிறது என்றால், நான் மேலே எழுதிய எதையும் செய்யாதீர்கள். அதைக் குடும்ப வழக்கம் என்று விளங்கிக்கொள்ளத் தேவையில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவி எண் 1938. அடி இல்லை, ஆனால் தனியே சமாளிக்க முடியவில்லை என்றால் யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவு உண்டு. 1926 தேசிய உளநல உதவி எண். தெரிந்த ஆட்கள் கண்டுவிடுவார்கள் என்று யோசிப்பீர்கள். அவர்களும் அங்கே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

கடைசியாக மகள். பிள்ளைகளுக்கு முன்னால் சண்டை பிடிக்கவே கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். மார்க் கமிங்ஸ் என்ற உளவியலாளர் பல வருடம் இதையே ஆராய்ந்தவர். பெற்றோர் கதைக்காமல் முகத்தைத் தூக்கி வைத்திருப்பதும் பிள்ளையைக் கலக்குகிறது என்று கண்டார். சண்டை தீர்ந்ததைக் கண்ட பிள்ளையின் கலக்கம் வெகுவாகக் குறைகிறது. அறைக்குள் தீர்த்துவிட்டு வந்து பிறகு பிள்ளைக்குச் சொன்னாலும் உதவுகிறது. ஆகவே கணவரோடு சமாதானமானால் அதை மகளுக்குத் தெரியச் செய்யுங்கள். "அப்பாவும் நானும் கோவமா இருந்தனாங்கள், இப்ப சரி" என்றாலே போதும்.

அவள் உங்களோடு கதைக்காமல் இருந்தால் கெஞ்சவும் வேண்டாம், போட்டிக்கு நீங்களும் வாயை மூடவும் வேண்டாம். முதலில் ஏசியது நீங்கள் என்பதால் அதிலிருந்து தொடங்குங்கள்: "அம்மா அண்டைக்குக் கூடப் பேசிப்போட்டன். உனக்குக் கோவம். சரி. நான் குசினிக்குள்ளதான் நிக்கிறன்." அப்புறம் அரைமணித்தியாலம் விடுங்கள். அவள் வராவிட்டால் சீப்பையும் எண்ணெய்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு நீங்களே போய்ப் பின்னால் இருந்து தலையை இழுக்கத் தொடங்குங்கள். சிக்கு எடுக்கும்போது நோகும். "ஆ, நோகுது அம்மா" என்பாள்.